கேள்வி எங்கள் வீட்டில், பதில் பெரியம்மா வீட்டில்

நம் காலை நடை வாட்ஸப் குழுவில் தினமும் ஒரு பொது அறிவுக் கேள்வி வருகிறது அல்லவா? போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: "மிளகாய் நம் நாட்டுச் செடி அல்ல. அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் யார்?" நீங்கள் எல்லாரும் யோசித்து முடிப்பதற்குள் நான் 'போர்ச்சுகீசியர்' என்று போட்டுவிட்டேன். "கைபேசியில் தேடிப் பார்த்துத்தானே போட்டீங்க அக்கா?" என்று ஒரு தம்பி கேலி செய்தார். இல்லை தம்பி. உணவுப் பகுதி, பதினொன்றாம் கேள்வி. ஐம்பது வருடமாக என் தலைக்குள் அந்த எண்ணோடுதான் இருக்கிறது. எப்படி என்பதை ஒரு வரியில் சொல்ல முடியாது. நம் வயதுக்காரர்களுக்கு நீளமாகப் படிக்கப் பொறுமை உண்டு என்று நம்பி எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. திருத்தங்கலில் ஏழாம் வகுப்பு. அப்பா சிவகாசியில் லாரிக்கு லோடு ஏற்றும் வேலை பார்த்தார். அம்மா வீட்டிலிருந்தபடியே வெடிக்குக் குழாய் சுற்றினாள். இரும்புக் கம்பியில் காகிதத்தைச் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, உருவி எடுத்துச் சாக்கில் காயப்போட வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அதுதான் வேலை. காகிதத்தை ஏஜெண்டு ஒருவர் மூன்று சக்கர வண்டியில் கொண்டுவந்து, வீட்டுக்கு இத்தனை கட்டு என்று போட்டுவிட்டுப் போவார். அச்சகங்களில் கழித்துப் போட்ட தாள்கள் அவை. பழைய பரீட்சைத் தாள், கோணலாக அச்சான கல்யாணப் பத்திரிகை, வருடம் முடிந்துபோன டைரி என்று எதுவும் வரும். மரவள்ளி மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்ட பசையின் வாடை எங்கள் வீட்டுச் சோற்றிலும் இருக்கும். எனக்கு அது வாடை என்றே வெகுகாலம் தெரியாது. வீடென்றால் அப்படித்தான் மணக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஆடி மாதம் வந்த கட்டுகள் எல்லாம் ஒரே புத்தகத்தின் தாள்கள். பொது அறிவுக் கேள்வி பதில் புத்தகம் ஒன்றை யாரோ அச்சடித்து, மை அப்பிவிட்டதோ என்னவோ, மொத்தமாகக் கழித்துவிட்டார்கள். வரலாறு, திரையுலகம், உணவு, புகழ்பெற்ற குடும்பங்கள் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூறு கேள்விகள். 'முகலாய அரச வம்சத்தின் கடைசி மன்னர் எந்த ஊரில் இறந்தார்?' 'தமிழில் பேசும்படம் முதன்முதலில் வெளிவந்த ஆண்டு எது?' 'ஜவ்வரிசி எதிலிருந்து செய்யப்படுகிறது?' ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், 'விடைகள் புத்தகத்தின் இறுதியில்' என்று இருக்கும். நான் கட்டு கட்டாகப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இறுதியே இல்லை. எல்லாம் கேள்விதான்.

அம்மா பசைத் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பாள்.

"படிச்சிட்டியா? தடவவா?"

"இரும்மா, இன்னும் மூணு கேள்வி."

"பதிலு தெரியாத கேள்வியப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற? பசை காயுது பாரு."

என்றாலும் தடவமாட்டாள். நான் தாளைத் திருப்பிப் போட்ட பிறகுதான் தூரிகை இறங்கும்.

எங்கள் தெருவில் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை சாயங்காலத்தில் வரும். குழாயடியில் குடங்களின் வரிசை தெருமுனை வரை நிற்கும். எங்கள் வீட்டுக் குடத்துக்கு நான் போவேன். மூன்று வீடு தள்ளியிருந்த பெரியம்மா வீட்டுக் குடத்துக்கு அவள் மகள், என் அக்கா, வருவாள். அம்மாவும் பெரியம்மாவும் குழாயடிக்கு வருவதே இல்லை. கூடப்பிறந்த அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்று இருந்தார்கள்.

காரணம் என் தம்பிக்குக் காது குத்திய அன்று நடந்தது. பந்தியில் பரிமாறப் போன அக்கா, தரையில் இருந்த தண்ணீர் டம்ளரைக் காலால் இடறி, அப்பா வழிப் பெரியவர் ஒருவரின் வேட்டியை நனைத்துவிட்டாள். அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டாள்.

"கண்ணு பிடரியிலயா இருக்கு? படிப்பும் ஏறலை, வேலையும் ஓடலை. இந்த மண்டுவ எங்க அக்கா எங்கன கொண்டு போய்த் தள்ளப் போறாளோ!"

பெரியம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை மூடாமலே எழுந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனவள், அதன்பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. 'மண்டு' என்பது அம்மா கண்டுபிடித்த வார்த்தை அல்ல என்பதுதான் பெரியம்மாவை அதிகம் சுட்டிருக்கும். அதற்குச் சில மாதம் முன்புதான் எட்டாம் வகுப்பு டீச்சர் பெரியம்மாவைப் பள்ளிக்கு வரச்சொல்லி, "போர்டுல எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதக்கூட உங்க பிள்ளைக்கு வரலைம்மா. படிப்பு ஏறாது போலிருக்கு" என்று சொல்லியிருந்தார். பெரியப்பா இல்லாத வீடு. பெரியம்மா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்பினாள். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வெடிக்குத் திரி வைக்கும் வேலை. குனிந்த தலை நிமிராமல், வெடியை மூக்கருகே கொண்டுபோய் வைத்துத் திரி செருகுவாளாம். போர்மேன் அவளைக் காட்டி மற்ற பெண்களிடம், "பாருங்க, பொம்பளப் பிள்ளைன்னா இப்பிடி அடக்கமா இருக்கணும்" என்பாராம். மருந்துப் பொடிக்கும் அவள் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இருந்திருக்காது. அன்று எங்களுக்கு அது ஒரு பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வரிசையில் அக்கா எனக்கு முன்னால் நின்றாள். வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"பதினொன்னு, போர்ச்சுகீசியர். பன்னெண்டு, மரவள்ளிக்கிழங்கு. பதிமூணு, பெரு…"

"என்னக்கா சொல்லுத?"

குரலை வைத்து என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். "தெரியலை பிள்ள. எங்க வீட்டுக்கு வந்த கட்டு பூரா இப்பிடித்தான் இருக்கு. வெறும் பதிலு. கேள்வியக் காணோம். எனக்கு எல்லாம் மனப்பாடம் ஆயிருச்சு. ஆமா, போர்ச்சுகீசியர்னா என்ன? திங்கிற சாமானா? உணவுன்னு தலைப்பு போட்டிருக்கு."

என் இடுப்பிலிருந்த குடம் நழுவிக் கீழே விழுந்தது. பிளாஸ்டிக் குடம் என்பதால் தப்பித்தது. உருண்டு போன குடத்தை எடுக்கக்கூடத் தோன்றாமல் நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, கேள்வி எங்க வீட்ல இருக்கு!"

அன்று முதல் தண்ணீர் வரும் நாளுக்காக நாங்கள் காத்திருந்தோம். நான் கேள்விகளை எண்ணோடு சொல்வேன். அவள் பதில் சொல்வாள். ஒவ்வொரு பகுதியிலும் ஒன்றிலிருந்து எண் தொடங்குவதால் முதல் சில நாட்கள் ஒரே கூத்து. "தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள் யார்? இருபத்தி ரெண்டு" என்பேன். "தேங்காய்ப்பால்" என்பாள் அவள். பின்னால் நிற்கிற பெண்கள், "இதுகளுக்குக் கோட்டி பிடிச்சிருச்சு" என்று சிரிப்பார்கள். பிறகு பகுதியைச் சேர்த்துச் சொல்லப் பழகினோம். வரலாறு இருபத்திரண்டு, டேனிஷ்காரர்கள். திரையுலகம் ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. நான் தாளைப் பார்த்தால்தான் கேள்வி சொல்வேன். அவள் கையில் எதுவும் இருக்காது. நானூறு பதிலும் அந்தத் தலைக்குள் இருந்தன.

வீட்டில் நான் விடையோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கியதும் அம்மா, "பதிலு எங்கன படிச்ச?" என்று கேட்டாள். "குழாயடியில யாரோ சொன்னாக" என்றேன். அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. ஒருநாள் குடும்பங்கள் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். தாய், தந்தை, மகள், மருமகன் என்று நான்கு பேரும் நோபல் பரிசு வாங்கிய குடும்பம் எந்த நாட்டில் வாழ்ந்தது என்று ஒரு கேள்வி.

அம்மா கம்பியைக் கீழே வைத்துவிட்டாள். "மருமகனுமா?"

"ஆமாம்மா."

"நல்லா விசாரிச்சுத்தான் பிள்ளையக் கட்டிக் குடுத்திருக்காக. எந்த ஊராம்?"

"தெரியலைம்மா."

கொஞ்ச நேரம் குழாய் சுற்றினாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே, "நாளைக்குத் தண்ணி வருதுல்ல. குழாயடியில கேட்டுட்டு வா" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. மறுநாள் குடத்தை இறக்கி வைப்பதற்குள், "எந்த ஊரு?" என்று கேட்டாள். "பிரான்சு" என்றேன். "ம்" என்றாள். யார் சொன்னது என்று கேட்கவே இல்லை.

தீபாவளி வந்தது. நாங்கள் படித்த தாள் எல்லாம் குழாயாகி, கம்பெனிக்குப் போய், மருந்து நிரம்பி, வெடியாகி எந்தெந்த ஊர்களுக்கோ போய்விட்டது. எங்கள் தெருவிலும் கொஞ்சம் வெடித்தது. மறுநாள் காலை, கருகிய தாள் துணுக்குகளில் ஏதாவது கேள்வி கிடக்கிறதா என்று தேடினேன். 'எந்த ஊரில்' என்று ஒரு துண்டு கிடைத்தது. நோட்டுக்குள் வைத்திருந்தேன். அது எந்த வருடம் காணாமல் போனதோ தெரியவில்லை.

தீபாவளி முடிந்தால் கம்பெனிகளுக்கு ஒரு மாதம் விடுமுறை. அந்த நேரத்தில் விருதுநகரில் பள்ளிகளுக்கு இடையே வினாடி வினாப் போட்டி என்று அறிவிப்பு வந்தது. பள்ளிக்கு ஒருவர். வகுப்பில் நடந்த தேர்வில் நான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அழைத்துப் போகும் பொறுப்பு அதே எட்டாம் வகுப்பு டீச்சருக்கு. வெள்ளைச் சேலை, கறுப்புச் சட்டமிட்ட மூக்குக் கண்ணாடி, கழுத்தில் சின்னச் சிலுவை. கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. வீட்டிலிருந்து துணைக்கு ஒரு பெரிய பெண் வரட்டும் என்றார். அம்மாவால் தம்பியை விட்டு வர முடியாது. "குழாயடிப் பிள்ள யாராச்சும் வந்தா கூட்டிட்டுப் போ" என்று அம்மா எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். காலையில் புளிச்சோறு இரண்டு பொட்டலம் கட்டினாள்.

"எதுக்கும்மா ரெண்டு?"

"ஒன்னு உனக்கு. இன்னொன்னு… பசிச்சா அதையும் நீயே தின்னு."

பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்ததும் டீச்சருக்கு முகம் மாறியது. "நீயா? நீ வந்து என்ன பிள்ள செய்யப் போற? அங்க ஒண்ணும் உனக்குப் புரியாதே" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "சும்மா துணைக்கு டீச்சர்" என்றாள்.

ஒரு பள்ளியின் பெரிய மண்டபம். மேடையில் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தோம். கீழே நிறையக் கூட்டம். டீச்சரும் அக்காவும் கடைசி வரிசையில். தெரிந்த கேள்வி இரண்டைக் கோட்டை விட்டேன். பாதிப் போட்டி முடிந்ததும், சற்று ஓய்வாக இருக்கட்டும் என்று நடத்துனர் சபையோரிடம் கேள்வி கேட்டார்.

"முகலாய அரச வம்சத்தின் கடைசி மன்னர் எந்த ஊரில் இறந்தார்?"

"டெல்லி", "ஆக்ரா" என்று குரல்கள். பின்வரிசையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று, "ரங்கூன்" என்றது.

எனக்குத் தெரிந்த குரல். அடுத்த கேள்விக்கும் அதே குரல். அதற்கடுத்ததற்கும். நான்காவது கேள்வியை நடத்துனர் முடிக்கும் முன்பே பதில் வந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. கையில் பரிசுப் பென்சில் டப்பாக்களோடு நின்ற என் அக்காவை, டீச்சர் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாவதாக, ஒரு பெரிய காலண்டர் படத்தை நடத்துனர் மேடையில் விரித்துப் பிடித்தார். "இது ரொம்ப எளிது. அந்தப் பாப்பாவே சொல்லட்டும். இது எந்த ஊர்க் கோயில்?"

தஞ்சாவூர்ப் பெரிய கோயில். மண்டபத்தில் கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும்.

அக்கா தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு கேட்டாள்: "படம் எங்கன சார் இருக்கு?"

மண்டபம் சிரித்தது. வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்தார்கள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். சிரிக்காத ஒரே ஆள் டீச்சர். அவர் எழுந்தார். தன் கண்ணாடியைக் கழற்றி, அக்காவின் முகத்தில் மாட்டிவிட்டார். அக்கா படத்தைப் பார்க்கவில்லை. மேடையில் வரிசையாக இருந்த எங்களைப் பார்த்தாள். டீச்சர் பிறகு சொல்லித்தான் அவள் கேட்டது எனக்குத் தெரியும்.

"டீச்சர், அது எங்க சித்தி மக! இம்புட்டு தூரத்துல இருந்து மூஞ்சி தெரியுது… எல்லாருக்குமே இப்பிடித்தான் தெரியுமா டீச்சர்?"

போட்டி முடியும்வரை அந்தக் கண்ணாடி அக்காவின் முகத்திலேயே இருந்தது.

எனக்கு மூன்றாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்தது. திருத்தங்கலில் இறங்கியதும் டீச்சர் தன் வீட்டுப் பக்கம் போகாமல் எங்களோடு நடந்தார். பெரியம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"வாங்க டீச்சர். என்ன, பிள்ள ஏதும் தப்பு பண்ணிட்டாளா?"

"அவ பண்ணலைம்மா. நான்தான் பண்ணிட்டேன்" என்றார் டீச்சர். "படிப்பு ஏறாதுன்னு உங்ககிட்ட சொன்னேன்ல. பிள்ளைக்குத் தூரத்துல இருக்கிறது எதுவும் தெரியலை. போர்டே தெரியாம ஒரு வருசம் என் வகுப்புல உக்காந்திருந்திருக்கா. நானும் கண்ணாடி போட்டவதான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியுதான்னு ஒரு வார்த்தை நான் கேக்கலை."

பெரியம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி, நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

"எல்லாருக்கும் இப்பிடித்தான் தெரியும்னு நெனச்சேம்மா. எனக்குத்தான் புத்தி காணலைன்னு நெனச்சேன்."

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தெருவுல மாமன் மச்சான் வந்தா வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கா, திமிரு பிடிச்ச கழுதைன்னு அடிச்சிருக்கேன் டீச்சர். கைகாட்டிக் கூப்பிட்டா வராம நிக்கான்னு விறகால அடிச்சிருக்கேன். அந்த அடிக்கெல்லாம் நான் இப்ப என்ன செய்ய?"

அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வந்து தெருவில் நின்றிருந்தாள். கை நிறையப் பசை. எவ்வளவு கேட்டாளோ தெரியாது. கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தாள். வாசற்படி வரை வந்தாள். அங்கே கால் தயங்கியது. தம்பியை இறக்கி உள்ளே விட்டாள். அவன் ஓடிப்போய்ப் பெரியம்மா மடியில் விழுந்தான்.

"அக்கா" என்றாள் அம்மா. "நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்கு நானும் வாரேன்."

பெரியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே, "கைய முதல்ல கழுவிட்டு வந்து உள்ள உக்காரு" என்றாள்.

மறுநாள் தம்பியையும் தூக்கிக்கொண்டு நான்கு பேருமாக மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் எப்படிம்மா ரோட்டைக் கடந்தே?" என்று கேட்டார். கண்ணாடி வந்த அன்று அக்கா பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழி நெடுக இருந்த சுவர் விளம்பரம், கடைப் பலகை, மைல்கல் ஒன்று விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர், "ஏம்மா, பிள்ள ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார். "ஆமாய்யா, இன்னைக்குத்தான் வந்திருக்கா" என்றாள் அம்மா. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து கம்பெனி வேன் வந்தபோது, இனி வரமாட்டாள் என்று பெரியம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். குழாய் சுற்றும் வேலையை அம்மாவும் பெரியம்மாவும் எங்கள் வீட்டிலேயே சேர்ந்து உட்கார்ந்து செய்தார்கள். எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அடிக்கடி முட்டிக்கொள்வார்கள். சில பேச்சுகள் வந்து நடுவில் நின்றுவிடும். ஆனால் மறுநாள் காலை பெரியம்மா கம்பியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அக்கா பின்னாளில் பள்ளி இறுதி வரை படித்து, ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனாள். தலைமைப் பிழை திருத்துநராக ஓய்வு பெற்றாள். பிழை ஒன்று தப்பித்து அச்சாகிவிட்டால் மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்காது.

இவ்வளவு இருந்தும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது ஜூன் மாதத்து முதல் நாள்தான். என் எட்டாம் வகுப்பில், என்னைவிட மூன்று வயது பெரியவளான அக்காவும் வந்து சேர்ந்தாள். தாவணி, எண்ணெய் வைத்து இறுக்கிய சடை, புதுக் கண்ணாடி. பிள்ளைகள் குசுகுசுவென்று பேசின. டீச்சர் அவளுக்காக முதல் பெஞ்சில், கரும்பலகைக்கு நேர் எதிரே, இடம் போட்டு வைத்திருந்தார். "வா, இங்க உக்காரு" என்றார்.

அக்கா அந்த இடத்தைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று நடந்து, எல்லாரையும் தாண்டி, கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இங்கன இருந்தே தெரியுது டீச்சர்" என்றாள்.